வண்டியம்மா ஆடப் போனாள்

இந்தத் தடவை வாயைத் திறந்து "வேண்டாம்" என்று சொல்லியே விடுவது என்று கண்ணாடிக்காரர் முடிவு கட்டியபோது, அவர் வாய் நிறையப் பற்பசை நுரை. துப்பிவிட்டுச் சொல்லலாம் என்று குனிந்தார். நிமிர்வதற்குள் மனைவி படியிறங்கிப் போய்விட்டாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், தெருமுனையில் அவளுடைய மஞ்சள் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் முடிவெடுப்பது எப்போதும் அவர்தான். எடுத்து முடிப்பதற்குள் காரியம் நடந்துவிடும்.

விஷயம் முந்தின நாள் காலையில் ஆரம்பித்தது. மனைவி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, நான் டான்ஸ் கிளாஸ்ல சேர்ந்துட்டேன்."

"எந்த கிளாஸ்ல?"

"டான்ஸ் கிளாஸ்ல."

"யாரைச் சேர்த்தே?"

"என்னைத்தாங்க."

கண்ணாடிக்காரருக்கு ரொட்டி தொண்டையில் நின்றது. அவள் எழுந்து வந்து முதுகில் ஒரு தட்டு தட்டினாள். ரொட்டி இறங்கியது. அவரும் நாற்காலியிலிருந்து பாதி இறங்கினார்.

அவர் முதுகில் யார் தட்டினாலும் அப்படித்தான் ஆகும். ஆள் அவ்வளவு ஒல்லி. கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஜன்னலுக்கு, மேஜைக்கு, அலமாரிக்கு என்று அளவெடுத்துக் கண்ணாடி வெட்டித் தருவது தொழில். அவரே கண்ணாடி மாதிரிதான், குறுக்கே நின்றால் அந்தப் பக்கம் தெரியும் என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். கட்டின மனைவியைச் சரிபாதி என்பது வழக்கம். இந்த வீட்டில் கணவர்தான் சரிபாதி. அவள் நூற்றிரண்டு கிலோ, அவர் ஐம்பத்தொன்று.

அவள் பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவள். ஐம்பத்திரண்டு பிள்ளைகள் ஏறும் வண்டி. அதுகள் அவளை "வண்டியம்மா" என்று கூப்பிடப்போய், பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. அவர்கள் குடியிருந்த தெரு ஒரு முட்டுச்சந்து. முன்னால் நுழைந்தால் பின்னால்தான் வர வேண்டும். சைக்கிள்காரர்களே இறங்கித் தள்ளிக்கொண்டு வரும் அந்தச் சந்தில், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு, அவள் அந்த வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டி வந்து வாசலில் நிறுத்துவாள். சாயங்காலம் நாலரை மணிக்குக் கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்து, டீ டம்ளரோடு மாடி வராந்தாவில் நிற்பது இதைப் பார்க்கத்தான். காற்று வாங்க நிற்கிறேன் என்று சொல்லிக்கொள்வார். ஒரு நாள்கூட அவளிடம் "பிரமாதம்" என்று சொன்னதில்லை. மனசுக்குள் மட்டும் கை தட்டுவார்.

அப்பேர்ப்பட்டவள் திடீரென்று ஏன் ஆடப் போனாள்? அதற்கும் அந்தப் பிள்ளைகள்தான் காரணம். பின்சீட்டில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வந்த ஒரு வாண்டு, "வண்டியம்மா, உங்களுக்கு ஆடத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறது. "ஓ, தெரியுமே!" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், ஆடிப் பல வருஷம் ஆயிற்று என்பது அவளுக்கே உறைத்தது. பிள்ளைகளிடம் பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. மறுநாளே மருந்துக் கடை மாடியில் நடக்கும் நடன வகுப்பில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு ஒரு பழமொழி இருக்கு, தெரியுமில்ல?" என்று ஆழம் பார்த்தார் கண்ணாடிக்காரர்.

"கூடம் கோணலா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நம்ம தெருவை விடவா கோணல்? அதுல வண்டியே ஓட்டறேன்."

இதற்கு மேல் நேராக மோதினால் நசுங்குவது யார் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

முதல் வேலையாக, "உன் உடம்பு மேல எனக்கு அக்கறை இருக்காதா?" என்று உருகி, அவளை எலும்பு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார்.

"டாக்டர், இவளுக்கு முட்டி வலி."

"எனக்கு வலி ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றாள் வண்டியம்மா.

"வரும் டாக்டர்."

"எப்ப வரும்?" என்றார் டாக்டர்.

"டான்ஸ் ஆடினா வரும். அதான், வர்றதுக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்துட்டேன்."

டாக்டர் அவளை உட்கார வைத்தார். எழுந்திருக்கச் சொன்னார். காலை மடக்கினார், நீட்டினார், சுத்தியலால் தட்டினார். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். கண்ணாடிக்காரர் நல்ல செய்திக்காகக் காத்திருந்தார். அதாவது கெட்ட செய்திக்காக.

"உடம்பு கனம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர்.

"கேட்டுக்கோ!" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆனா காலு இரும்பு. எத்தனை வருஷமா வண்டி ஓட்டறீங்க?"

"இருபது வருஷமா, டாக்டர்."

"அதான். கிளச்சு மிதிச்சு மிதிச்சு ஏறின உரம். தாராளமா ஆடுங்கம்மா. கொஞ்ச நாளைக்குக் குதிக்க மட்டும் வேண்டாம், படிப்படியா அதுவும் வரும்." டாக்டர் பேனாவை எடுத்தார். பாதியில் நிறுத்தி, கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "சார், நீங்க உள்ள நடந்து வர்றப்போ ஒரு சத்தம் கேட்டுதே. அது உங்க செருப்பா, முட்டியா?"

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது வண்டியம்மாவின் கையில் "நடனம் ஆடலாம்" என்று கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தது. கண்ணாடிக்காரரின் இரண்டு கால்களிலும் முட்டிப்பட்டை இருந்தது. சீட்டை அவள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது அவரைப் பார்த்துச் சிரித்தது.

வகுப்பு வாரத்துக்கு மூன்று நாள் என்றாலும், வீட்டில் பயிற்சி ஞாயிறு தவிர தினமும். காலை ஆறு மணிக்குக் கூடத்தில் மேஜையை ஓரமாக நகர்த்திவிட்டு அவள் ஆரம்பித்துவிடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று, திரும்பு. ஒன்று, இரண்டு, மூன்று, நில். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டி, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்ளும். கண்ணாடிக்காரர் போர்வைக்குள் கிடந்தபடி யோசித்தார். இரண்டாவது வாரத்தில் உதித்தது யோசனை.

கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் தனியாக இருந்தார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். பேசாத மனுஷன் பெயரில் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

"ஏம்மா, எப்படிச் சொல்றதுன்னே தெரியல," என்று இழுத்தார் கண்ணாடிக்காரர். "கீழ் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு ரொம்ப வருத்தப்பட்டார். காலங்காத்தால மேல ஆட்டமாம். வீடே அதிருதாம். விளக்கு ஆடுதாம். மனுஷனுக்குத் தூக்கமே இல்லையாம்."

வண்டியம்மாவின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் உள்ளே வெற்றி முரசு ஒன்று மெல்ல முழங்கியது.

"ஐயோ பாவம்! வயசானவர். வாங்க, போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடலாம்."

முரசு நின்றது.

"எதுக்கும்மா? நான் பக்குவமா சொல்லிக்கறேன். நீ ஆடறதை நிறுத்தினாப் போதும்..."

"ஒருத்தரைக் கஷ்டப்படுத்திட்டு மூஞ்சியைக் காட்டாம இருக்கலாமா? வாங்க!"

அவள் பிஸ்கட் டின்னோடு முன்னால் இறங்க, முட்டிப்பட்டைகளோடு அவர் பின்னால் இறங்கினார். படிக்கட்டில் அவர் சொல்லிப் பார்த்த பொய்களுக்குக் கணக்கே இல்லை. அவர் தூங்குவார், அவர் ஊரில் இல்லை, அவருக்குப் பிஸ்கட் ஆகாது. ஊரில் இல்லாதவர் கதவைத் திறந்தார்.

போஸ்ட்மாஸ்டருக்குக் காது அறவே கேட்காது என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். வண்டியம்மா, தான் காலையில் ஆடுவதையும், அதனால் தொந்தரவு என்று கேள்விப்பட்டதையும், இனிமேல் ஆடப்போவதில்லை என்பதையும் நிதானமாகச் சொன்னாள். கடைசி வார்த்தைக்கு அவர் பதறிப்போனார்.

"நீயாம்மா அது? நீயா? உள்ள வா, உள்ள வா!" கேட்காதவர்கள் பேசும் உரத்த குரலில் முழங்கினார். "எனக்குக் காது போய் ஏழு வருஷம் ஆச்சு. கடிகாரம் ஓடுதான்னு கைய வெச்சுத்தான் பாப்பேன். பதினஞ்சு நாளா என்னோட நாற்காலி பேசுது! ஆறு மணிக்கு உக்காந்தேன்னா தம்தம்னு உள்ளங்கால்ல ஏறி நெஞ்சுல வந்து அடிக்குது. நான் இங்க தாளம் போடறேன். ஏழு வருஷம் கழிச்சு எனக்குப் பாட்டுக் கேக்குதும்மா! ஒல்லியா எவளாவது ஆடியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமா?"

வண்டியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் பிஸ்கட் டின்னின் மூடியில் எழுதியிருந்ததை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு குறைதான்," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"சொல்லுங்க ஐயா," என்றார் கண்ணாடிக்காரர், நம்பிக்கையோடு.

"ஞாயித்துக்கிழமை ஏன் ஆட மாட்டேங்கறா?"

திரும்பி மேலே ஏறும்போது வண்டியம்மா அவரைத் திட்டவில்லை. முறைக்கவும் இல்லை. "எவ்வளவு நாகரிகமான மனுஷன் பாத்தீங்களா? புகாரைக்கூடப் பாராட்டு மாதிரியே சொல்றார்," என்றாள். அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் டம்ளர்கள் பேசின.

அதற்குப் பிறகு ஒரு நாள், அவள் வேலை முடிந்து வந்து வராந்தாவில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்காரர் தந்திரத்தையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு நேராகவே கேட்டார். தந்திரம் தோற்ற மனுஷனுக்குத்தான் உண்மை பேசத் தோன்றும்.

"எனக்கு ஒரே ஒரு பயம்தாம்மா. யாராவது சிரிச்சுட்டா?"

"எதுக்குச் சிரிப்பாங்க?"

"அதான்... உடம்பு..."

"கனமா இருக்குன்னா? கனம்னா மரியாதைங்க. கனம் நீதிபதி அவர்களேன்னு சொல்றாங்கல்ல?" அவள் சிரித்தாள். பிறகு ஷூவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சிரிக்கறதெல்லாம் ஏற்கெனவே சிரிச்சாச்சு. அதை விடப் பெரிசா இனிமே யாரு சிரிச்சுடப் போறாங்க?"

"யாரு சிரிச்சா? எவன் அவன்? சொல்லு!"

"நீங்கதான்."

"நானா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"உங்க தம்பி கல்யாணத்துல, பதினோரு வருஷம் முன்னாடி. சின்னப் பிள்ளைங்களோட சேர்ந்து நானும் ஆடினேன். நீங்க மைக்கைப் பிடிச்சு, 'போதும்மா, மண்டபம் வாடகைக்கு எடுத்தது'ன்னு சொன்னீங்க. மண்டபமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே போய் உக்காந்தேன். எந்திரிக்கப் பதினோரு வருஷம் ஆச்சு."

கோபமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஷூவை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள்.

கண்ணாடிக்காரர் அங்கேயே நின்றார். அந்த நகைச்சுவை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வாழ்க்கையில் அவர் சொன்னதிலேயே அதிகக் கைதட்டல் வாங்கினது அதுதான். அதற்கப்புறம் நாலைந்து விசேஷங்களில் அதையே மறுபடி சொல்லி மறுபடி கைதட்டல் வாங்கியிருக்கிறார். எழுந்தவள் ஏன் உட்கார்ந்தாள் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் கடையில் மூன்று கண்ணாடிகள் உடைந்தன. முப்பது வருஷத் தொழிலில் ஒரே நாளில் மூன்று உடைந்தது அதுவே முதல் தடவை. கண்ணாடி வெட்டும் வைர முனை கோட்டில் நிற்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம். பயம் மறு பக்கம் இரட்டிப்பாகிவிட்டது. ஒருத்தன் சொன்ன ஒரு வார்த்தைக்கே பதினோரு வருஷம் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்கு நாலு பேர் சொன்னால்? இந்தத் தடவை உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாளே!

அப்படி அவர் நாலாவது கண்ணாடியைக் கையில் எடுத்து, உடைப்பதா வெட்டுவதா என்று நின்ற நேரத்தில், கழுத்தில் விசில் தொங்க ஓர் அம்மாள் கடைக்குள் வந்தார். அறுபது வயது இருக்கும். முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். இப்போது மருந்துக் கடை மாடியில் விசில் ஊதியே நடனம் சொல்லித்தருகிறார். விசில் டீச்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும். மனைவியின் டீச்சர் என்று கண்ணாடிக்காரருக்கும் புரிந்துவிட்டது. தான் அவள் கணவர் என்று மட்டும் அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"சுவர் முழுக்கக் கண்ணாடி வேணும். பதினெட்டடி நீளம், ஏழடி உசரம்," என்றார் டீச்சர். "ஆனா ஒரு யோசனையாவும் இருக்கு. ஒரு ஆறு மாசம் தள்ளிப் போடலாமோன்னு பாக்கறேன்."

"ஏன் டீச்சர்?"

"வகுப்புல ஒரு அம்மா. நல்ல கனத்த சரீரம். அப்படி ஒரு ஆசையோட ஆடறாங்க. இப்ப அங்க கண்ணாடி இல்லாததனால, தான் எப்படி இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியல. கண்ணாடி வெச்சு, தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பாத்துட்டாங்கன்னு வைங்க, அதோட நின்னுடுவாங்களோன்னு பயமா இருக்கு."

கண்ணாடிக்காரருக்குள் ஒரு ஜன்னல் திறந்தது. கண்ணாடி! வேறு யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே தன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். பார்த்து, அவளாகவே, கௌரவமாக, போதும் என்று வந்துவிடட்டும். மனுஷர்கள் சிரிப்பார்கள். கண்ணாடி சிரிக்காது. ஊர் வாயிலிருந்து அவளைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி ஏது?

"ஆறு மாசமெல்லாம் எதுக்கு டீச்சர்? ஞாயித்துக்கிழமை மாட்டிடறேன்!"

"இந்த ஞாயித்துக்கிழமையா?" டீச்சரின் புருவம் உயர்ந்தது. "ஊர்ல உங்களைப் பத்தி வேற மாதிரியில்ல சொன்னாங்க."

ஊர் சொன்னது பொய்யில்லை. கண்ணாடிக்காரர் "நாளைக்கு" என்றால் அந்த நாளைக்குத் தேதி கிடையாது. மருந்துக் கடை ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறேன் என்று அவர் சொல்லி இரண்டு வருஷம். அங்கே இன்னும் அட்டைதான் நிற்கிறது. ஆனால் அந்த வாரம் அவரைப் பார்த்தவர்கள், இவருக்கு என்ன வந்தது என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆறடி ஆறடியாக மூன்று பலகைக் கண்ணாடிகள் வெட்டினார். விளிம்பைக் கை வைத்தால் வழுக்கும்படி தேய்த்தார். ஒரு பலகையைச் சுவரோடு பிடிக்க நாலு கிளாம்பு போதும். அவர் எட்டு போட்டார். ஆடப்போவது யார் என்று அவருக்குத் தெரியாதா?

ஞாயிறு மத்தியானம் மாடிக் கூடத்தில் கடைசிக் கிளாம்பை முடுக்கிக்கொண்டிருந்தபோது, வகுப்புப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். ஏழு பேர். ஏழாவதாக வண்டியம்மா.

"அட! நீங்களா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். அவ்வளவு பிரமாதமாக ஆச்சரியப்படக்கூடியவள் என்று கண்ணாடிக்காரருக்கு அன்றுவரை தெரியாது.

அவர் ஓரத்தில் ஒதுங்கி நின்று அவள் முகத்தையே பார்த்தார். அது வாடப்போகிறது, இதோ வாடப்போகிறது. திடீரென்று, இதைப் பார்க்கவா இவ்வளவு பாடுபட்டேன் என்று அவருக்குத் தோன்றியது. கையிலிருந்த துணியை வீசிக் கண்ணாடியை மூடிவிடலாமா என்றுகூட நினைத்தார். பதினெட்டடிக் கண்ணாடிக்குக் கைக்குட்டை அளவு துணி.

முதலில் மற்ற பெண்கள் பார்த்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒல்லி. ஒருத்தி சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்தாள். ஒருத்தி தாடையைத் தடவினாள். இன்னொருத்தி "ஐயோ, என் தோளைப் பாரேன்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டியம்மா மட்டும் நேராகப் பார்த்தாள். இடது ஓரம், நடு, வலது ஓரம். ஒரு தலையசைப்பு. காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்க்கும் அதே பார்வை.

"என்னடி எல்லாரும் இப்படி நெளியறீங்க?" என்றாள். "என் வண்டியில ஏழு கண்ணாடி இருக்கு. ஒண்ணுலயாவது நான் அழகு பாத்திருக்கேனா? நாம எங்க இருக்கோம், பக்கத்துல யாரு இருக்காங்க, திரும்ப எவ்வளவு இடம் இருக்குன்னு பாக்கத்தான் கண்ணாடி. இங்க பாருங்க, இடது பக்கம் நாலடி சும்மா கிடக்கு. இவ்வளவு நாளா இது தெரியாம ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டிருந்தோம். நகருங்க, நகருங்க!"

முப்பது வருஷம் கண்ணாடி விற்றவருக்குக் கண்ணாடி எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விசில் ஊதியது. மேளச் சத்தம் எழுந்தது. வண்டியம்மா ஆடினாள்.

வீட்டில் போர்வைக்குள்ளிருந்து அவர் சத்தத்தைத்தான் கேட்டிருந்தார். இப்போதுதான் பார்த்தார். முதல் அடியில் தரை அதிர்ந்தது. கண்ணாடிக்காரர் பாய்ந்துபோய் நடுப்பலகையைக் கையிரண்டையும் விரித்துப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அவளுக்கு அவசரமே இல்லை. அந்தப் பெரிய உடம்பு எந்த இடத்திலும் தடுமாறவில்லை, எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒல்லிப் பெண்கள் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அவளிடம் தாளம் தானாக வந்து நின்றது. கை மெல்ல உயர்ந்தால், தோள் அதற்கு வழி விட்டது. சுழன்று திரும்பும்போது, இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு, ஒருத்தர் மேலும் உரசாமல், முட்டுச்சந்தில் வண்டி பின்னால் வருகிற அதே அழகு. முகத்தில் வியர்வை. வியர்வைக்கு நடுவே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவர் யோசித்தார். பதினோரு வருஷம்.

பாட்டு முடிந்தது. கூடம் கை தட்டியது. கண்ணாடிக்காரர் மட்டும் தட்டவில்லை. கை கண்ணாடியில் இருந்தது.

வண்டியம்மா மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் வந்தாள். "விடுங்க. எட்டு கிளாம்பு போட்டிருக்கீங்க. அது ஆடாது. நீங்கதான் ஆடிப்போயிருக்கீங்க."

கையை எடுத்தார். கண்ணாடியில் பத்து விரலும் பதிந்திருந்தன.

"பிரமாதம்," என்றார். சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை. "அன்னிக்குக் கல்யாணத்துல நான் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு."

"ஆமா, தப்புதான்," என்றாள் அவள். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. ஆனால் முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். ஆடினவள் அவள். அதிகம் வியர்த்திருந்தது அவருக்கு.

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு படியிறங்கினார். முட்டிகள் இரண்டும் தாளம் தவறாமல் சத்தம் போட்டன. மனசு கனத்துக் கிடந்தது. உள்ளதை எல்லாம் இறக்கி வைத்துவிடுவது என்று தீர்மானித்தார்.

"இன்னொண்ணு சொல்லணும். கீழ் வீட்டுக்காரர் புகாரே சொல்லல."

"தெரியும். தாளம் போட்டு ரசிக்கறவர் உங்களை எதுக்குக் கூப்பிட்டு வருத்தப்பட்டார்னு அன்னிக்கே யோசிச்சேன்."

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனதும்..."

"தெரியும்."

"இந்தக் கண்ணாடிகூட, உன்னை நிறுத்தறதுக்காகத்தான்..."

"அதுவும் தெரியும். டீச்சர் கடையில வந்து சொன்னாங்கல்ல, ஒரு கனத்த அம்மா கண்ணாடியைப் பாத்தா நின்னுடுவாங்கன்னு. நான் எழுதிக் கொடுத்து, அவங்க மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தது."

கண்ணாடிக்காரர் படியில் நின்றுவிட்டார். எலி தானே நடந்து போய்ப் பொறிக்குள் உட்கார்ந்து, கதவையும் சாத்திக்கொண்டது போலிருந்தது.

"ஏம்மா, என்கிட்டயே நேராக் கேட்டிருந்தா நான் செஞ்சு தர மாட்டேனா?"

"தருவீங்க. 'நாளைக்கு'த் தருவீங்க." அவள் மருந்துக் கடை ஜன்னலின் அட்டையைக் கண்ணால் காட்டினாள். "ஆடற மாட்டை ஆடிக் கறக்கணும்ங்க. நல்லதுக்குன்னா உங்களுக்குக் கை ஓடாது. என்னைத் தடுக்கறதுக்குன்னா ஆறு நாள்ல பதினெட்டடி."

கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் இப்படி ஒரு மூளைக்காரியோடு குடித்தனம் நடத்துகிறோம் என்பதில் உள்ளூர ஒரு கர்வமும் எட்டிப் பார்த்தது.

"அடுத்த மாசம் ஊர் முன்னாடி ஆடப்போறோம்," என்றாள் அவள், நடந்துகொண்டே. "ஏழு பேரும் சேர்ந்து. போஸ்ட்மாஸ்டர் தன் நாற்காலியை முதல் வரிசையில போடச் சொல்லிட்டார்."

"எங்கே ஆடப்போறீங்க?"

"மைதானத்துல. மேடை ஒண்ணு மட்டும் போடணும்."

கண்ணாடிக்காரர் கருவிப் பையைக் கீழே வைத்தார். நடுத்தெரு என்றும் பார்க்காமல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு முடிவு அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

"சத்தியமா சொல்றேம்மா. இனிமே உன்னை எதுலயும் தடுக்கவே மாட்டேன்!"

வண்டியம்மா பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள்.

"ஐயய்யோ, அப்படியெல்லாம் சொல்லிடாதீங்க! மேடை கட்ட எங்களுக்கு இன்னும் ஆள் கிடைக்கல."